லாந்தனைடு குறுக்கம்: யூரோப்பியம் மட்டும் ஏன் வரிசையை விட்டு எகிறுகிறது?

முல்லைவனம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 12ஆம் வகுப்பு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று லாந்தனைடு குறுக்கம். லாந்தனத்தில் தொடங்கி லுட்டீசியம் வரை போகப்போக அளவு படிப்படியாகக் குறையும் என்று சொல்லிவிட்டு, கண்ணால் பார்த்தால் மனதில் நிற்குமே என்று, இணையத்தில் கிடைத்த அணு ஆரங்களை வரைபடத்தாளில் புள்ளி வைக்கச் சொன்னேன். யூரோப்பியம் வந்ததும் புள்ளி சட்டென்று மேலே போய்விட்டது. அப்புறம் இட்டெர்பியத்திலும் அதே கதை. "அக்கா, குறையும்னுதானே சொன்னீங்க?" என்று கேட்கிறாள். எண்ணைத் தப்பாக எடுத்துவிட்டோமோ என்று மூன்று இடங்களில் பார்த்தேன், எல்லாவற்றிலும் அதே இரண்டு மேடுகள்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். "4எஃப் எலக்ட்ரான்களின் மறைக்கும் திறன் குறைவு" என்ற வரியைப் பரீட்சையில் நானும் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எதை எதிடமிருந்து மறைக்கிறது, குறைவு என்றால் எதைவிடக் குறைவு என்று அவள் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை.

சுழியம்_ஒன்று எழுதியது:

அணுக்கரு மின்சுமை ஒவ்வொன்றாகக் கூடுகிறது, புதிய எலக்ட்ரான் 4எஃப் ஆர்பிட்டாலில் போய்ச் சேருகிறது, எஃப் ஆர்பிட்டால் விரவிய வடிவம் உடையது என்பதால் சரியாக மறைக்காது, அதனால் வெளி எலக்ட்ரான்கள் உள்ளே இழுக்கப்படுகின்றன. அவ்வளவுதான். யூரோப்பியத்துக்குப் பாதி நிரம்பிய எஃப் கூடு, இட்டெர்பியத்துக்கு முழுதாக நிரம்பிய கூடு. அதுதான் காரணம்.

முல்லைவனம் எழுதியது:

நன்றி. ஆனால் இதுவும் புத்தகத்தில் உள்ள அதே வரிதானே? பாதி நிரம்பினால் ஏன் பெரிதாக வேண்டும்? கடோலினியத்துக்கும் பாதி நிரம்பிய கூடுதான், அதன் புள்ளி ஒழுங்காகக் கீழே இருக்கிறதே.

கரும்பலகை எழுதியது:

சரியான கேள்வி அம்மா. கல்லூரியில் இந்தப் பாடத்தை நிறைய வருடம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் குழப்பத்தில் பாதி, "அளவு" என்ற ஒரே சொல்லை இரண்டு பொருள்களுக்குப் பயன்படுத்துவதால் வருவது. நீங்கள் வரைந்தது உலோகத்தில் உள்ள அணுவின் ஆரம். பாடம் பேசுவது மூன்று எலக்ட்ரான்களை இழந்த +3 அயனியின் ஆரம்.

உலோகத்துண்டில் பெரும்பாலான லாந்தனைடுகள் ஒவ்வொரு அணுவுக்கும் மூன்று எலக்ட்ரான்களைப் பொதுவில் விடுகின்றன. அந்த மூன்றுதான் அணுக்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கின்றன. யூரோப்பியம் இரண்டைத்தான் விடுகிறது. மூன்றாவதையும் விட்டால் 4எஃப் கூட்டில் ஏழு ஆறாகிவிடும், ஏழு இருக்கும் நிலை அதற்கு லாபம். இட்டெர்பியத்தில் பதினான்கைக் காப்பாற்ற அதே வேலை நடக்கிறது. பிடிப்பு தளர்ந்தால் அணுக்கள் விலகி நிற்கும். சமேரியம் 180, யூரோப்பியம் 204, மறுபடி கடோலினியம் 180 பிக்கோமீட்டர் (மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). அடர்த்தியைப் பாருங்கள்: சமேரியம் 7.5, கடோலினியம் 7.9, நடுவில் யூரோப்பியம் வெறும் 5.2. கடோலினியத்துக்கு எஃப் கூட்டில் ஏழு போக, வெளியே விடுவதற்கு மூன்று தனியாக இருக்கிறது, அதனால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

இப்போது +3 அயனிகளை வைத்து வரையுங்கள். ஆறு அண்டை அணுக்கள் சூழ்ந்த நிலைக்கு, ஷானன் என்பவர் தொகுத்த அயனி ஆர அட்டவணையின் எண்கள், பிக்கோமீட்டரில்: லாந்தனம் 103.2, சீரியம் 101, பிரசியோடைமியம் 99, நியோடைமியம் 98.3, புரோமித்தியம் 97, சமேரியம் 95.8, யூரோப்பியம் 94.7, கடோலினியம் 93.8, டெர்பியம் 92.3, டிஸ்புரோசியம் 91.2, ஹோல்மியம் 90.1, எர்பியம் 89, தூலியம் 88, இட்டெர்பியம் 86.8, லுட்டீசியம் 86.1. எங்கும் மேடு வராது. மூன்று எலக்ட்ரானையும் கட்டாயமாக எடுத்துவிட்ட பிறகு யூரோப்பியமும் மற்றவற்றோடு வரிசையில் நின்றுதான் ஆகவேண்டும்.

அப்புறம் அந்த மறைக்கும் விஷயம். +3 அயனியின் வெளி எல்லை 4எஃப் கிடையாது. 5எஸ், 5பி கூடுகள்தான் வெளியே இருப்பவை, 4எஃப் அவற்றுக்கு உள்ளே கிடக்கிறது. இதை மாணவர்களிடம் முதலில் சொல்லாவிட்டால் பின்னால் எதுவும் ஒட்டாது. உள்ளே கிடக்கும் எலக்ட்ரான் ஒரு புரோட்டானை முழுதாக ஈடுகட்டியிருக்க வேண்டும், அப்படி நடந்தால் சுருக்கமே வராது. ஆனால் 5எஸ், 5பி எலக்ட்ரான்கள் எப்போதும் வெளியிலேயே நிற்பவை அல்ல. அவற்றின் பரவலில் ஒரு பகுதி 4எஃப் கூட்டையும் ஊடுருவி அணுக்கருவுக்குப் பக்கத்தில் வரை போகிறது. அங்கே போகும்போது அவற்றுக்கும் அணுக்கருவுக்கும் நடுவில் 4எஃப் இல்லை. ஒவ்வொரு தனிமத்திலும் ஒரு விளக்கு கூடுகிறது, கூடவே ஒரு ஓலைத் தட்டியும் வைக்கிறார்கள், தட்டியில் பொத்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரியும் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். அந்தக் கூடுதல் வெளிச்சம்தான் செயலுறு அணுக்கரு மின்சுமை. குறைவு என்றால் ஒன்றுக்கு ஒன்று என்ற முழு ஈட்டைவிடக் குறைவு.

சுழியம்_ஒன்று எழுதியது:

உலோகத்தையும் அயனியையும் நான் கலந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சார், எஃப் ஆர்பிட்டால் மற்றவற்றைவிட மோசமாக மறைப்பதால்தானே தனிம வரிசை அட்டவணையில் மிகப் பெரிய சுருக்கம் இங்கே நடக்கிறது, அதனால்தானே தனிப் பெயரே வைத்தார்கள்?

கரும்பலகை எழுதியது:

இல்லை தம்பி, இதைத்தான் நிறைய பேர் அப்படியே நம்பிக்கொண்டு இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை 14 அடி, மொத்தம் 17.1 பிக்கோமீட்டர், அடிக்குச் சுமார் 1.2. கால்சியம் +2 அயனி 100, துத்தநாகம் +2 அயனி 74. பத்தே அடியில் 26 போய்விட்டது, அடிக்கு 2.6. அடிக்கு அடி பார்த்தால் 3டி வரிசைதான் அதிகமாகச் சுருங்குகிறது.

இங்கே தனித்தன்மை வேறு. 14 அடி தொடர்ந்து, அதே +3 மின்சுமையோடு, இடையில் எங்கும் தடுமாறாமல் இறங்குகிறது. 3டி வரிசையில் அந்த ஒழுங்கு கிடையாது. வனேடியம் 79, மாங்கனீசு ஏறி 83, நிக்கல் இறங்கி 69, துத்தநாகம் மறுபடி ஏறி 74. டி எலக்ட்ரான்கள் வெளியே தெரிவதால் சுற்றி இருக்கும் ஆக்ஸிஜன், குளோரின் எல்லாம் அவற்றைத் தொட்டுத் தள்ளுகின்றன. 4எஃப் உள்ளே புதைந்து கிடப்பதால் அண்டை அணுக்களுக்கு அது இருப்பதே அவ்வளவாகத் தெரியாது. பக்கத்துப் பக்கத்துத் தனிமங்கள் அச்சு அசலாக ஒரே மாதிரி நடந்துகொள்வதும் அதனால்தான். "லாந்தனைடு குறுக்கம்" என்ற பெயரை 1925இல் வைத்தவர் கோல்ட்ஷ்மிட், நார்வேயில் வேலை செய்த புவிவேதியியலாளர். படிகங்களை அளந்து அளந்து இந்த இறக்கத்தைக் கண்டவர்.

மெதுஓட்டம் எழுதியது:

அடிக்கு ஒரு பிக்கோமீட்டர் என்பது தாளில் ஒன்றுமில்லாததுபோலத் தெரியும். அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தவன் நான், கையால் செய்த ஒன்றைச் சொல்கிறேன்.

முதுகலை படித்தபோது எங்கள் ஆய்வகத்தில் ஆள் உயரக் கண்ணாடிக் குழாய் ஒன்று இருந்தது. அதில் நேர்மின் அயனிகளைப் பிடித்துவைக்கும் ரெசின் மணிகளை நிரப்பி, மேலே எர்பியமும் பிரசியோடைமியமும் கலந்த கரைசலை ஊற்றி, அப்புறம் சிட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். முதல் நாள் எல்லாம் கலந்து அழுக்குநிறப் பட்டை ஒன்று மட்டும். மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் பட்டை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. கீழே மங்கலான ரோஜா நிறம், அது எர்பியம். மேலே வெளிர்பச்சை, பிரசியோடைமியம். இரண்டுக்கும் அளவு வித்தியாசம் 10 பிக்கோமீட்டர். அதைக் கண்ணால் பார்க்கிறேன் என்று தோன்றியது.

கனமானது ஏன் முதலில் இறங்குகிறது என்று அப்போது குழம்பினேன். சிறிய அயனியில் அதே +3 மின்சுமை இன்னும் நெருக்கமாக இருக்கிறது, சிட்ரேட் அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு கரைசலோடு இழுத்துப் போய்விடுகிறது. பெரிய லாந்தனத்தை சிட்ரேட் தளர்வாகப் பிடிப்பதால் ரெசின் விடுவதில்லை. அதனால் வரிசை தலைகீழ்: லுட்டீசியம் முதலில், லாந்தனம் கடைசியில்.

எர்பியம், பிரசியோடைமியம் எல்லாம் சுலபம். பிரசியோடைமியத்தையும் நியோடைமியத்தையும் பிரிக்கச் சொன்னால்தான் தெரியும், வித்தியாசம் 0.7. 1841இல் மொசாண்டர் இரண்டையும் சேர்த்து டிடிமியம் என்ற ஒரே தனிமமாக எண்ணிவிட்டார். ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885இல் இரட்டை நைட்ரேட் உப்பைத் திரும்பத் திரும்பப் படிகமாக்கித்தான் பச்சை உப்பையும் ரோஜா உப்பையும் தனியாக எடுத்தார். அமெரிக்காவில் சார்லஸ் ஜேம்ஸ் தூய தூலியம் எடுக்க 1911இல் சுமார் 15,000 முறை படிகமாக்கினார். பதினைந்தாயிரம்! ஒரு முறை சூடாக்கி, ஆறவைத்து, வடிகட்டிய எவருக்கும் அந்த எண்ணின் கனம் புரியும். அயனி பரிமாற்றம் வந்ததும்தான் இந்தப் பாடு தீர்ந்தது. இன்று தொழிற்சாலைகளில் கரைப்பான் பிரித்தெடுத்தல்தான் நடக்கிறது. அதிலும் ஒவ்வொரு தொட்டியிலும் கிடைக்கும் பிரிவு மிகக் கொஞ்சம் என்பதால், நூற்றுக்கணக்கான தொட்டிகளை வரிசையாகக் கோத்துத்தான் வேலை ஆகிறது.

மணல்மேடு எழுதியது:

நான் கன்னியாகுமரி மாவட்டம். எங்கள் மணவாளக்குறிச்சிக் கருமணல் சமாச்சாரம் இந்த இழையில் வராமல் போகக்கூடாது. ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் மோனசைட் என்ற லாந்தனைடு கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார் என்று எங்கள் பக்கத்தில் பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். கையில் எடுத்தால் கருப்பு இல்மனைட்டுக்கு நடுவே மஞ்சள்பழுப்பாக மினுங்கும் மணிகள்தான் மோனசைட்.

என் கேள்வி இது. மோனசைட்டில் லாந்தனம், சீரியம், நியோடைமியம் எல்லாம் தாராளமாக இருக்கிறது, டிஸ்புரோசியம், டெர்பியம், இட்டெர்பியம் எல்லாம் பேருக்குத்தான் இருக்கிறது. எல்லாம் ஒரே குணம் என்கிறீர்கள். ஒரே குணம் என்றால் மணலில் ஏன் சேர்ந்து வரவில்லை?

கரும்பலகை எழுதியது:

மோனசைட், செனோடைம் இரண்டுமே லாந்தனைடு பாஸ்பேட்தான். பெரிய அயனியைச் சுற்றி ஒன்பது ஆக்ஸிஜன் நிற்க இடமிருக்கிறது, அப்போது வருவது மோனசைட்டின் படிக அமைப்பு. அயனி சுருங்கச் சுருங்க ஒன்பதுக்கு இடம் போதாமல் எட்டாகிவிடும், அது செனோடைம். ஆய்வகத்தில் ஒவ்வொரு பாஸ்பேட்டையும் தனித்தனியாகச் செய்து பார்த்தால், லாந்தனம் முதல் கடோலினியம் வரை மோனசைட் அமைப்பு, டெர்பியம் முதல் லுட்டீசியம் வரை செனோடைம் அமைப்பு. 1.5 பிக்கோமீட்டர் வித்தியாசத்தில் படிகமே மாறிவிடுகிறது. உங்கள் கடற்கரையில் மோனசைட் அதிகம், செனோடைம் மிகக் குறைவு. ஆகவே கனமானவை குறைவு. தண்ணீரிலும் இதே கதைதான், லாந்தனம் அயனியைச் சுற்றி ஒன்பது நீர் மூலக்கூறுகள், லுட்டீசியத்தைச் சுற்றி எட்டு.

இதில் ஓர் எச்சரிக்கை. அண்டை அணுக்களின் எண்ணிக்கை, அதாவது அணைவு எண், மாறினால் ஆரமும் மாறும். ஒன்பது அண்டை சூழ்ந்த லுட்டீசியத்தின் ஆரம் 103.2. ஆறு அண்டை சூழ்ந்த லாந்தனத்தின் ஆரமும் அதே 103.2! அணைவு எண்ணைக் கவனிக்காமல் இரண்டு அட்டவணைகளைக் கலந்தால் மொத்தச் சுருக்கமும் காணாமல் போய்விடும்.

முல்லைவனம் எழுதியது:

சார், இது எனக்கே பெரிய பாடம். நான் எடுத்த முதல் பட்டியலில் அணைவு எண் என்ற தலைப்பே இல்லை.

தராசுமுள் எழுதியது:

இந்த விவாதத்தை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் தலைமுறையாகப் பொன்வேலை. அப்பா சின்ன வயதில் என்னிடம் ஒரே அச்சில் வார்த்த இரண்டு உருப்படிகளைக் கொடுத்தார், ஒன்று வெள்ளி, ஒன்று தங்கம். கண்ணுக்கு அளவு ஒன்றுதான், கையில் தங்கம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம். அதற்கும் நீங்கள் பேசும் இந்தச் சுருக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று கல்லூரியில் கேட்ட ஞாபகம், விவரமாக யாராவது சொல்லமுடியுமா?

கரும்பலகை எழுதியது:

உண்டு, அழகான உதாரணம் அது. ஒரு தொகுதியில் கீழே இறங்கினால் அணு பெரிதாக வேண்டும். வெள்ளிக்குக் கீழே தங்கம், ஒரு கூடு அதிகம், ஆனால் இரண்டின் ஆரமும் 144தான். வெள்ளிக்கும் தங்கத்துக்கும் நடுவில் லாந்தனைடு வரிசை முழுவதும் வந்துவிட்டது. கூடுதல் கூட்டால் பெருக்கவேண்டியதை அந்தப் பதினான்கு அடிச் சுருக்கம் தின்றுவிட்டது. அப்புறம் அணுக்கரு இவ்வளவு கனமாகும்போது உள் எலக்ட்ரான்கள் ஒளிவேகத்துக்குக் கணிசமாக நெருங்கி ஓடும், அந்தச் சார்பியல் விளைவும் சேர்ந்து சுருக்குகிறது, தங்கத்தில் அதன் பங்கு பெரிது. அணு அளவு ஒன்று, எடை மட்டும் 108க்குப் பதில் 197. அடர்த்தி 10.5க்குப் பதில் 19.3. உங்கள் அப்பா கையில் கொடுத்தது அதுதான். வெள்ளியும் தங்கமும் எந்த விகிதத்திலும் ஒன்றோடொன்று கலப்பதற்கும் இந்த அளவுப் பொருத்தம் ஒரு காரணம்.

மெதுஓட்டம் எழுதியது:

இதோடு சிர்க்கோனியம், ஹாஃப்னியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். +4 அயனிகள் 72, 71. கீழே இருப்பது ஒரு துளி சிறியது! சிர்க்கோனியத்தின் தாதுவான சிர்க்கானை எங்கே எடுத்தாலும் உள்ளே ஹாஃப்னியம் ஒளிந்திருக்கும். ஆனாலும் 1923 வரை யாருக்கும் கண்ணில் படவில்லை, கோப்பன்ஹேகனில் காஸ்டரும் ஹெவிசியும் எக்ஸ் கதிர் நிறமாலையில்தான் பிடித்தார்கள். அணு உலை எரிபொருளுக்கு உறை போடுவது சிர்க்கோனியத்தில், அது நியூட்ரானைத் தொடாமல் விட்டுவிடும் என்பதால். ஹாஃப்னியமோ அதைவிட 500 மடங்குக்கும் மேல் நியூட்ரானை விழுங்கும். வேதியியலில் இரட்டைப்பிள்ளைகள், உலையில் எதிரிகள். தூத்துக்குடிப் பக்கம் பழையகாயலில் சிர்க்கோனியம் ஆலை இருக்கிறது. இப்படிப்பட்ட ஆலைகளில் பெரும்பாடு இந்த இரண்டையும் பிரிப்பதுதான்.

சுழியம்_ஒன்று எழுதியது:

மறுபடி எண்களைப் பார்த்தேன். யூரோப்பியத்தில் இருந்து கடோலினியத்துக்கு 0.9 குறைகிறது, அடுத்து டெர்பியத்துக்கு 1.5. அப்படியென்றால் கடோலினியத்தில் ஒரு சின்ன முறிவு இருக்கிறது. பாதி நிரம்பிய கூடு கொஞ்சம் நன்றாக மறைக்கிறது என்று இதை எடுத்துக்கொள்ளலாமா? அதோடு முதல் ஏழு அடியில் 9.4, அடுத்த ஏழு அடியில் 7.7. "சீராகக் குறைகிறது" என்று புத்தகம் சொல்வது முழுக்கச் சரியில்லை.

கரும்பலகை எழுதியது:

இரண்டாவது சரி. சரிவு போகப்போகத் தணிகிறது, சீரானது என்பதைவிட மென்மையான வளைவு என்பதே பொருத்தம். முதலாவதில் நான் உங்களோடு உடன்படவில்லை. பிரசியோடைமியத்தில் இருந்து நியோடைமியம் 0.7, அடுத்து 1.3, அங்கே எந்தப் பாதிக் கூடும் இல்லை, எண் இப்படித்தான் ஏறி இறங்குகிறது. அயனியின் ஓரம் என்று எதையும் யாரும் தொட்டு அளக்கவில்லை. படிகத்தில் உலோகத்துக்கும் ஆக்ஸிஜனுக்கும் உள்ள தூரத்தை அளந்து, ஆக்ஸிஜனுக்கு 140 என்று ஒதுக்கிக் கழித்து, பல படிகங்களில் கிடைத்ததை ஒழுங்குபடுத்தி எழுதிய எண்கள் இவை. அரைப் பிக்கோமீட்டரின் மேல் இவ்வளவு பெரிய விளக்கத்தைக் கட்டாதீர்கள். அணைவுச் சேர்மங்களின் நிலைத்தன்மையில் கடோலினியம் பக்கம் முறிவு தெரியும் என்பது உண்மை. ஆனால் அதில் நீர் மூலக்கூறு ஒன்பதில் இருந்து எட்டாவதும் கலந்திருக்கிறது.

சுழியம்_ஒன்று எழுதியது:

நான் இன்னும் முழுதாக ஏற்கவில்லை சார், ஆனால் பிரசியோடைமியம் உதாரணம் நியாயமானது. எட்டு அண்டைக்கான எண்களையும் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கார்த்திகைப்பூ எழுதியது:

நான் நுண்ணுயிரியல். மெத்தனால் தின்று வாழும் சில பாக்டீரியாக்களின் நொதிக்கு லாந்தனைடு இல்லாமல் முடியாது. இத்தாலியின் எரிமலைச் சேற்றுக் குழியில் கிடைத்த ஒன்று, லாந்தனம் முதல் நியோடைமியம் வரை கொடுத்தால் நன்றாக வளர்கிறது, கனமானவற்றைக் கொடுத்தால் திணறுகிறது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. கண்ணாடிக் குழாயில் நீங்கள் மூன்று நாள் காத்திருந்து பார்த்த வித்தியாசத்தை அந்த உயிரி தன் புரதத்தால் எடைபோடுகிறது. எனக்கு இதைப் படித்த அன்று தூக்கமே வரவில்லை.

மணல்மேடு எழுதியது:

இன்னும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யெட்ரியம் லாந்தனைடே இல்லை, எஃப் எலக்ட்ரானும் இல்லை, பிறகு ஏன் எப்போதும் கனமானவற்றோடு வருகிறது?

மெதுஓட்டம் எழுதியது:

யெட்ரியம் அயனி 90, ஹோல்மியம் 90.1. லாந்தனத்துக்கு மேல் வரிசை என்பதால் யெட்ரியம் சிறியது, லாந்தனைடுகள் சுருங்கிச் சுருங்கி வந்து அதே அளவைத் தொட்டுவிடுகின்றன. படிகத்துக்கு எஃப் எலக்ட்ரான் கணக்குத் தேவையில்லை, இடத்தில் பொருந்துகிறதா என்பதுதான் கணக்கு. ஸ்வீடனில் இட்டர்பி என்ற ஒரே ஊரின் பெயரில் யெட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டெர்பியம் நான்கும் வந்தது இதனால்தான், ஒரே சுரங்கக் கல்லில் சேர்ந்து கிடந்தவை.

கரும்பலகை எழுதியது:

முல்லைவனம் அம்மா தொடங்கிய யூரோப்பியத்துக்கே திரும்புகிறேன், அதில் பெரிய விஷயம் இன்னும் பாக்கி இருக்கிறது. +2 நிலையில் யூரோப்பியம் 117 பிக்கோமீட்டர், ஸ்ட்ரான்சியம் +2 அயனி 118. ஆக்ஸிஜன் குறைவான சூழலில் உருகிய பாறைக்குள் யூரோப்பியம் நிறைய +2 ஆகிவிடும், அப்போது கால்சியமும் ஸ்ட்ரான்சியமும் உட்காரும் ஃபெல்ட்ஸ்பார் படிகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மற்ற லாந்தனைடுகள் +3ஆகவே உருகிய குழம்பில் நின்றுவிடும். 1969இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த நிலவின் கருநிற எரிமலைப் பாறையை அளந்தபோது, லாந்தனைடு வரிசையில் யூரோப்பியம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் பள்ளம். நிலவின் வெண்ணிற மேட்டுநிலப் பாறைகளில் அதே இடத்தில் மேடு. வெண்பாறை ஃபெல்ட்ஸ்பாரால் ஆனது. நிலவு ஒருகாலத்தில் மேல்பரப்பு முழுக்க உருகிக் கிடந்தது, இலேசான ஃபெல்ட்ஸ்பார் யூரோப்பியத்தை எடுத்துக்கொண்டு மேலே மிதந்து மேட்டுநிலமானது, அடியில் நின்றது பிறகு உருகி வெளியே வந்தபோது யூரோப்பியம் பற்றாக்குறையோடு வந்தது. நிலவின் உருகிய கடலுக்கு இந்தப் பள்ளமும் மேடும் முக்கியச் சான்று. மாணவி தாளில் பார்த்த மேட்டுக்கும் இதற்கும் மூலம் ஒன்றுதான், யூரோப்பியம் ஏழு எஃப் எலக்ட்ரான்களை விடாமல் வைத்துக்கொள்வது.

முல்லைவனம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, மனதாரச் சொல்கிறேன். இன்று சாயங்காலம் புதுத் தாள் எடுத்து +3 அயனிகள் பதினைந்தையும் ஆறு அண்டை எண்களோடு வைத்தாள். யூரோப்பியம் 94.7இல் ஒழுங்காக உட்கார்ந்தது. +2 யூரோப்பியத்தைச் சிவப்பு மையில் 117இல் வைத்து, பக்கத்தில் ஸ்ட்ரான்சியம் என்று எழுதச் சொன்னேன். நிலவைப் பற்றிச் சொன்னதும் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டாள், இன்று நிலா எழ நேரமாகும் என்று சொல்லியும் கேட்கவில்லை. யெட்ரியத்துக்கு அணு எண் 39, அதற்கு இந்தத் தாளில் இடமே இல்லையே என்று போகும்போது கேட்டுவிட்டுப் போனாள். 90இல் நேராக ஒரு கோடு இழுத்து, அது ஹோல்மியத்தைத் தொடும் இடத்தில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். திரும்பி வந்ததும் காட்டவேண்டும்.